டீக்கடை வேட்டைக்காரர்கள்

சங்கரன்கோவிலில் வயசானவர்கள் நாலு பேர் கூடினால், அதில் மூன்று பேருடைய தாத்தா சிவகிரி ஜமீனோடு மான் வேட்டைக்குப் போனவராக இருப்பார். அத்தனை தாத்தாக்களும் நிஜமாகவே போயிருந்தால் மலையில் மான்களைவிட அவர்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள். துப்பாக்கி எங்கே என்று கேட்டால், 1948-ல் ஜமீன் ஒழிப்போடு அதுவும் போச்சு என்பார்கள்.

நான் டீ குடிக்கும் கடையில் ஓர் அண்ணாச்சி உண்டு. புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டுக்கு மேற்கே அவர் போனதாகத் தெரியவில்லை. ஆனாலும் மான் விஷயத்தில் அவர் சொல்வதே தீர்ப்பு.

"கொம்புல எத்தனை கிளையோ அத்தனை வயசு தம்பி. எண்ணிக்கிட வேண்டியதுதான்."

புள்ளிமானுக்கு எவ்வளவு வயசு ஏறினாலும் ஒரு கொம்புக்குப் பெரும்பாலும் மூன்று கிளைதான். அந்தக் கொம்பும் உதிர்ந்து புதுசு முளைக்கும். அண்ணாச்சி கணக்குப்படி, கொம்பு உதிர்ந்து நிற்கும் கிழட்டுக் கலைமான் இன்று காலையில்தான் பிறந்தது.

"மானுக்குக் கலர் தெரியாதுல்லா. வெள்ளை வேட்டி கட்டிட்டுப் பக்கத்துல போய் நிக்கலாம்."

இது பாதி உண்மை, அதுதான் ஆபத்து. அமெரிக்காவில் வெள்ளைவால் மான்களின் கண்ணை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். சிவப்பும் ஆரஞ்சும் அதற்கு மங்கல், நீலம் நன்றாகத் தெரியும். அதனால்தான் அங்கே வேட்டைக்காரர்கள் தைரியமாக ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு காட்டுக்குள் போகிறார்கள். சக வேட்டைக்காரன் சுடாமல் இருப்பான், மானும் கண்டுகொள்ளாது. நம் அண்ணாச்சியோ சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டியோடு போகச் சொல்கிறார். மானுக்கு அது நடந்து வரும் டியூப் லைட். அதற்கும் முன்பே அவர் மேல் அடிக்கும் ஜவ்வாது வாசம் காற்றில் போய்ச் சேர்ந்திருக்கும். மரத்தின் மேல் மந்தி இருந்தால் அது வேறு கத்தி ஊரைக் கூட்டும்.

அடுத்து, காதோடு காதாகச் சொல்லப்படும் 'அசல் மான் கறி'. தின்றவர்கள் எல்லாரும் "அப்படியே ஆட்டுக்கறி ருசி" என்று வியக்கிறார்கள். ஆடாக இருந்தால் அப்படித்தான் ருசிக்கும். ஒருவேளை மானாகவே இருந்துவிட்டால் சிக்கல். மசாலாவுக்குள் வெந்து கிடந்தாலும் மரபணு சோதனையில் மாட்டிக்கொள்ளும்.

சட்டம் பற்றிய அறிவு இதைவிட மோசம். சுட்டால்தான் குற்றமாம்! 1972 வனவிலங்குச் சட்டப்படி கண்ணி வைப்பதும் விரட்டுவதும், ஏன், முயற்சி செய்வதும்கூட வேட்டைதான். புளியங்குடிக்கு மேற்கே தெரியும் மலை 2015 முதல் நெல்லை வனவிலங்கு சரணாலயம். சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 7 ஆண்டு சிறை. பழைய கதையை யார் கிளறப் போகிறார்கள் என்றும் இருந்துவிட முடியாது. 1998-ல் நடந்த வெளிமான் வேட்டைக்காக சல்மான் கானுக்கு ஜோத்பூர் நீதிமன்றம் 2018-ல் 5 ஆண்டு தண்டனை விதித்தது. அவர் இரண்டே நாளில் ஜாமீனில் வந்துவிட்டார். நமக்கு அவ்வளவு பெரிய வக்கீல் கிடையாது.

"வண்டியில அடிபட்டுச் செத்ததுதானே, வீணாப் போகவா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: செத்த மானும் அரசாங்கச் சொத்துதான். ரோட்டில் கண்டால் வனத்துறைக்குப் போன் போடுங்கள், தூக்குவாளியைத் தேடாதீர்கள். சங்கரன்கோவிலில் ஆட்டுக்கறி பிரியாணிக்கு ஒரு பஞ்சமும் இல்லை.