ஆலோசகரே, மார்க்கையன்கோட்டைக்கு வாங்க

முதியோர் பராமரிப்பில் இப்போது புதுசாக ஒரு வேதம் ஓதுகிறார்கள். தனிநபரை மையத்தில் வைக்க வேண்டுமாம். அவரவர் பண்பாடு, மொழி, பாலினம், சாப்பாட்டுப் பழக்கம் எல்லாவற்றையும் மதித்து, ஒருவரையும் விட்டுவிடாமல் அரவணைக்க வேண்டுமாம். இதற்கென்று ஓட்டலில் கருத்தரங்கு, ஏசி அறை, திரையில் வட்ட வட்டமாகப் படம், கழுத்தில் அடையாள அட்டை. பேசுகிறவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அந்தக் கட்டடத்திலேயே அறுபதைத் தாண்டியவர் வாசலில் நிற்கிற வாட்ச்மேன் ஒருவர்தான். அவரை உள்ளே விடமாட்டார்கள்.

இந்த ஆலோசகர்களை எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்கு அழைக்கிறேன். சின்னமனூரில் இறங்கி மார்க்கையன்கோட்டைக்கு பஸ் பிடித்தால் போதும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர், நெல் வயல், மேற்கே மலை, சின்னப் பேரூராட்சி. கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். நீங்கள் சொல்லிக்கொடுக்க வருகிற அத்தனையும் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. பெயர்தான் வேறு.

பகிர்ந்த பராமரிப்பு என்று உங்கள் ஏட்டில் இருக்கும். எங்களிடம் முறைச் சோறு. பெரியவன் வீட்டில் பதினைந்து நாள், சின்னவன் வீட்டில் பதினைந்து நாள். வருஷத்தில் ஏழு மாதத்துக்கு 31-ஆம் தேதி என்று ஒன்று வருகிறது என்பதைக் கிழவி காலண்டர் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை, வயிற்றை வைத்துத்தான் தெரிந்துகொண்டாள். அவரவர் விரும்பும் பெயரால் அழைக்க வேண்டும் என்பீர்கள். பெருசு, கெழடு என்று வகைவகையாக வைத்திருக்கிறோம். கொஞ்சம் மரியாதை தெரிந்த வீட்டில் 'அது'. "அது சாப்பிட்டுச்சா?" "அது இன்னும் முழிச்சுத்தான் கெடக்கு."

படிவமும் கொண்டுவருவீர்கள், தெரியும். ஆன்மிகத் தேவை, பொழுதுபோக்கு, விருப்பமான இசை என்று கட்டம் கட்டமாக இருக்கும். வேப்பமரத்தடிக் கயிற்றுக் கட்டிலில் கிடக்கிற அப்பத்தா ஒருத்தியிடம் கேட்டுப் பாருங்கள்.

"அப்பத்தா, உங்களுக்கு என்ன பிடிக்கும்?"

"சாயங்காலம் ஒரு வாய் காப்பித்தண்ணி. வெஞ்சனத்துல காரம் கொறைச்சா நல்லது, பல்லு இல்ல. ராத்திரி ஒண்ணுக்குப் போக எந்திரிச்சா லைட்டப் போட ஒரு ஆளு. அம்புட்டுத்தான்யா."

இதற்கு உங்கள் படிவத்தில் கட்டம் இல்லை. யோகா, இசைச் சிகிச்சை, செல்லப் பிராணிச் சிகிச்சை மூன்றில் ஒன்றை டிக் செய்துவிட்டுக் கிளம்புங்கள். கட்டிலுக்குக் கீழே நாய் ஒன்று எப்போதும் படுத்திருக்கும். மூன்றாவதையே டிக் செய்துவிடலாம்.

காசு விஷயத்துக்கு வருவோம். 1962-லேயே மாதம் 20 ரூபாய் முதியோர் உதவித்தொகை கொடுக்கத் தொடங்கிய மாநிலம் இது. அதில் பெருமைதான். 2023-இல் அது ஆயிரத்திலிருந்து 1,200 ரூபாய் ஆனது. நாளுக்கு நாற்பது ரூபாய். 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு இதில் டெல்லி போடுகிற பங்கு மாதம் 200 ரூபாய். 2007-இல் டெல்லியின் திட்டத்துக்கு இந்திரா காந்தி பெயரை வைத்தபோதும் 200, இன்றைக்கும் 200. எண்பதைத் தாண்டினால் 500 உண்டு. இருநூறு ரூபாயில் எண்பதைத் தாண்டிக் காட்டுகிறவருக்கு அது பரிசுத்தொகை என்று வைத்துக்கொள்ளலாம். 2025 மார்ச்சில் முன்னாள் எம்.பி.க்களின் ஓய்வூதியம் மட்டும் 25,000-லிருந்து 31,000 ஆனது, அதுவும் 2023 ஏப்ரலிலிருந்து முன்தேதியிட்டு. விலைவாசி உயர்ந்துவிட்டதாம், குறியீட்டெண் போட்டுக் கணக்குப் பார்த்தார்களாம். அந்தக் குறியீட்டெண் வைகையைத் தாண்டித் தெற்கே வராது போலிருக்கிறது. அப்பத்தாவுக்குப் பருப்பு விலை 2007-லேயே நின்றுவிட்டது.

அந்த 1,200-ஐயும் சும்மா கொடுத்துவிட முடியுமா? விரல் வைக்க வேண்டும். நாத்து நட்டு, களை எடுத்து, கதிர் அறுத்து, ஐம்பது வருஷம் சேற்றில் ஊறிய விரல் அது. அதில் ரேகை எங்கே மிச்சம் இருக்கும்? கைமிஷினை நீட்டுகிறார்கள். கிழவி கையைச் சேலையில் துடைக்கிறாள், ஊதுகிறாள், அழுத்துகிறாள். சிவப்பு விளக்கு. அடுத்த விரல். சிவப்பு. பத்து விரலும் முடிந்த பிறகு, "நாளைக்கு வாங்க பாட்டி, சர்வர் சரியில்ல." ஊருக்கே நெல் விளைவித்துப் போட்ட விரலைப் பார்த்து நீ யார் என்று கேட்கிறது மிஷின். தனிநபரை மையத்தில் வைப்பது பற்றி எங்களுக்கா பாடம்? கட்டைவிரலையே மையத்தில் வைத்திருக்கிறோம். ஆள்தான் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறாள்.

நல்லதே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கு மாத்திரை கொண்டுவருகிறது. பிரஷர் பார்க்க வருகிற பெண் "சாப்ட்டியா ஆத்தா" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். பல வீட்டில் அன்றைக்கு அந்தக் கிழவியிடம் யாராவது பேசியது அது ஒன்றாகத்தான் இருக்கும். அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கிற சொற்ப ஊக்கத்தொகையைப் பற்றி ஒரு கருத்தரங்கு நடத்தக்கூடாதா?

பன்முகத்தன்மை என்றீர்களே, அதிலும் நாங்கள் கில்லாடிகள். கோவைப் பக்கம், சென்னைப் பக்கம் மூத்தோர் குடியிருப்பு விளம்பரங்களைப் புரட்டிப் பாருங்கள். சுத்த சைவம், வளாகத்துக்குள் கோயில், ஆன்மிகச் சூழல். சாதி என்ற சொல் எங்கேயும் கிடையாது. அதற்கு அவசியமும் இல்லை, அடுப்பைப் பார்த்தே ஆளை வடிகட்டிவிடலாம். அங்கே படுக்கையில் கிடக்கிறவரைத் தூக்கி உட்காரவைத்து, பீத்துணி மாற்றி, முதுகு துடைத்துவிடுகிற பெண்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். மலம் அள்ளும்போது தெரியாத சாதி, சோறு பரிமாறும்போது மட்டும் பளிச்சென்று தெரிந்துவிடுகிறது. 2008-லேயே திருநங்கையருக்கு நல வாரியம் கண்ட மாநிலம்தான் இது. அன்றைக்கு நாற்பதைத் தாண்டி அட்டை வாங்கியவர்களுக்கு இன்று அறுபதாகப் போகிறது. எந்த முதியோர் இல்லத்தில், எந்தக் கூடத்தில் அவர்களுக்குக் கட்டில் போடுவீர்கள்?

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, 2007-ஆம் வருஷத்துச் சட்டம். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம். மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஆதரவற்ற 150 பேர் தங்கும் அளவுக்கு அரசு முதியோர் இல்லம் அமைக்கலாம் என்கிறது 19-ஆம் பிரிவு. அமைக்காவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மாவட்டம் மாவட்டமாக எத்தனை இல்லம் இருக்கிறது என்று கணக்குக் கேட்டது. கேட்டவர்களுக்கும் சொல்ல வேண்டியவர்களுக்கும் அதற்குப் பிறகு ஏழெட்டு வயது ஏறிவிட்டது. பிள்ளை இல்லாதவர் யாரிடம் பராமரிப்புக் கேட்கலாம்? தன் சொத்தை வாரிசாக அடையப்போகிற உறவினரிடம். கூலிக்கு நாத்து நட்டவளுக்கு ஏது சொத்து? சொத்து இல்லாதவளுக்கு உறவினரும் இல்லை என்று சட்டமே முடிவுகட்டிவிட்டது. பெற்றவர்களை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போனால் 24-ஆம் பிரிவு: அதிகபட்சம் மூன்று மாதச் சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆட்டைத் திருடினால் மூன்று வருஷம் வரை போடலாம். ஆத்தாளைத் தூக்கி எறிந்தால் மூன்று மாதம். ஆட்டுக்கு விலை உண்டு, வாஸ்தவம்தான்.

உங்கள் வேதம் பிறந்த இடத்தின் கதையையும் கேள்விப்பட்டோம். இங்கிலாந்தின் பிராட்போர்டில் டாம் கிட்வுட் என்றொருவர், மறதிநோய் வந்தவரிடம் நோயைப் பார்க்காதே, ஆளைப் பார் என்று 1997-இல் புத்தகமே எழுதினார். நல்ல மனிதர். நேர்மையாகச் சொன்னார். அவர் சொன்னது கைமாறிக் கைமாறி, ஆஸ்திரேலியாவில் 2017-இல் முதியோர் பராமரிப்பில் பன்முகத்தன்மைக்கு ஒரு சட்டகமே வெளியிட்டார்கள். இரண்டே வருஷம். 2019-இல் அதே நாட்டின் அரச விசாரணை ஆணையம் அங்குள்ள முதியோர் இல்லங்களைப் பற்றி இடைக்கால அறிக்கை கொடுத்தது. அதற்கு ஒற்றைச் சொல்லில் தலைப்பு வைத்தார்கள்: புறக்கணிப்பு. அங்கே அதைக் கண்டுபிடிக்க ஓர் ஆணையமாவது உட்கார்ந்தது. இங்கே யார் உட்காரப்போகிறார்கள்?

இனி நலவாழ்வு. உங்களைக் கூப்பிட்டதே இதற்குத்தான்.

குமுளி ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் தேக்கடியில் எண்ணெய் தேய்ப்பு, மூலிகைக் குளியல், அவரவர் உடம்புக்குத் தக்க சிகிச்சை என்று ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். மலைக்கு இந்தப் பக்கம், மதுரை, தேனி, விருதுநகர் என்று தெற்கத்திச் சீமையில் அதே எண்ணெயும் குளியலும் இலவசம். கூடவே இளநீர். ஒரே ஒரு தடவைதான் தேவைப்படும். பெயர் தலைக்கூத்தல். (பக்கத்தில் குச்சனூரில் சனீஸ்வரனுக்கு விளக்கேற்ற ஊற்றுவது வேறு எண்ணெய், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) படுத்த படுக்கையாகக் கிடக்கிறவரை விடியலில் எழுப்பி, தலை நிறைய எண்ணெய் வைத்து, குளிரக் குளிரத் தண்ணீர் ஊற்றி, குடிக்க இளநீர் கொடுப்பார்கள். பிறகு காய்ச்சல். பிறகு கேதம். மண்ணாசை விடாத கிழவருக்கு மண் கரைத்த தண்ணீர், காசாசை விடாதவருக்குக் காசு உரசிய தண்ணீர் என்றும் சொல்வார்கள். அவரவர் ஆசையை விசாரித்து, அதையே கரைத்து, வாயில் ஊற்றுவது! தனிநபரை மையப்படுத்துவதில் இதைத் தாண்டிய ஒரு முறை உங்கள் ஏட்டில் இருந்தால் காட்டுங்கள்.

2010-இல் விருதுநகர் மாவட்டத்தில் எண்பது வயதுக்காரர் ஒருவர், தன் நிலத்தைப் பிள்ளைகள் எப்படிப் பங்கு போடுவது என்று பேசிக்கொள்வதைக் கேட்டார். அடுத்தது தனக்கு எண்ணெய்தான் என்று புரிந்துகொண்டு தப்பி ஓடி வேறொரு சொந்தக்காரர் வீட்டில் தஞ்சம் புகுந்தார். நாடே கொஞ்ச நாள் அதிர்ச்சி அடைந்தது. அப்புறம் தலைக்கூத்தலை வைத்து 'பாரம்' என்று ஒரு படம் வந்து தேசிய விருதும் வாங்கியது. திரும்பவும் அதிர்ச்சி அடைந்தோம். நாங்கள் அதிர்ச்சி அடைவதில் மட்டும் முதுமையே கிடையாது.

எண்ணெய்க் கிண்ணம் மருமகள் கையில் இருக்கும். முடிவெடுத்தவன் திண்ணையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருப்பான். அவள் ஒருநாள் களையெடுப்புக்குப் போகாவிட்டால் அன்றைக்கு உலை இல்லை. மாமியாரைப் புரட்டிப்போட ஆள் இல்லை, புண்ணுக்கு மருந்து போட ஒரு நர்ஸ் எட்டிப்பார்த்ததில்லை, வலிக்கு மாத்திரை கேட்டால் மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கைகாட்டுகிறார்கள். கொலைக்கு வக்காலத்து வாங்கவில்லை, கொலை கொலைதான். ஆனால் அந்தக் கிண்ணத்தில் பாதி எண்ணெய் அரசாங்கம் ஊற்றியது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஏட்டில் எப்படியும் வேறு யாரும் எழுதப்போவதில்லை. புகார் கொடுக்க ஆள் இல்லை, உடலை அறுத்துப் பார்ப்பதும் இல்லை. இறந்த காரணம் மூப்பு.

சாவு மட்டும் ஜாம்ஜாம் என்று நடக்கும். பந்தல், கொட்டு, வெடி, நீர்மாலை, பூப்பல்லக்கு. உயிரோடிருந்தபோது 31-ஆம் தேதி சோற்றுக்குக் கணக்குப் பார்த்த இரண்டு மகன்களும் செலவில் ஒருவரை ஒருவர் விஞ்சுவார்கள். பஸ் நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் எழும்பும். மேலே சாதித் தலைவர்கள் நாலு பேர், கீழே பேரன் பேத்தி பெயர்கள், நடுவில் ஆதார் அட்டையிலிருந்து எடுத்துப் பெரிசாக்கிய கிழவியின் முகம். கடைசியில் ஒருவழியாக அவளை மையத்தில் வைத்துவிட்டார்கள்.

ஆகவே, ஆலோசகரே, வாங்க. படிவம், திரை, வட்டப்படம் எல்லாம் கொண்டு வாங்க. தெருத் தெருவாகப் போங்க, யாரும் தடுக்கமாட்டார்கள். மூட்டுவலிக்கு மசாஜ் என்று கையில் எண்ணெய்ப் பாட்டிலோடு மட்டும் போய்விடாதீர்கள். எழுந்து நடக்கவே முடியாத பெருசுகள்கூட அன்றைக்கு ஓட்டம் பிடிக்கும்.