கோட்டைத் தாண்டாத வழக்கு

1966 கால்பந்து உலகக் கோப்பை இறுதிப் போட்டி, வெம்பிளி. இங்கிலாந்தின் ஹர்ஸ்ட் உதைத்த பந்து மேல் கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்து வெளியே துள்ளியது. நடுவருக்குச் சந்தேகம், எல்லைக்கோட்டு நடுவர் பஹ்ரமோவ் தலையசைத்தார். கோல்! மேற்கு ஜெர்மனி 4-2 எனத் தோற்றது.

பந்து கோட்டைத் தாண்டியது என்று ஆங்கிலேயர்களும், தாண்டவே இல்லை என்று ஜெர்மானியர்களும் இன்றுவரை சத்தியம் செய்கிறார்கள். கண் எல்லாருக்கும் இரண்டுதான். பார்வை பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லம்பார்ட் அடித்த பந்து உள்ளே விழுந்தும் கோல் கிடைக்கவில்லை. ஆங்கிலேயர்களுக்கு அன்றுதான் நியாய உணர்வு பொங்கியது. ஜெர்மானியர்களோ பழைய கணக்கு தீர்ந்தது என்று சிரித்தார்கள்.

2014 உலகக் கோப்பையில் கோல் கோட்டைக் கண்காணிக்கத் தொழில்நுட்பமே வந்துவிட்டது. பஹ்ரமோவுக்கோ அஜர்பைஜானின் பாகு நகரில் அவர் பெயரில் ஸ்டேடியமும் சிலையும் உண்டு. நடுவர்களே, சிலை வேண்டுமென்றால் ஜெயிக்கிற பக்கமாகத் தலையசையுங்கள்.