வசூலுக்கு மட்டும் தம்பதி

பேரையூரில் ஒரு புருஷன் பெண்டாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் எதற்கு, எந்தத் தெருவிலும் கிடைப்பார்கள். அவருக்கு மதுரையில் தனியார் கம்பெனி வேலை. சம்பளத்திலேயே வரி பிடித்துவிடுகிறார்கள். அந்தம்மாவுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த இரண்டு ஏக்கர் கரிசல், சொந்தப் பட்டா. இவர்கள் இருவரும் அரசாங்கத்தின் கணக்கில் ஒரு ஆளா, இரண்டு ஆளா? பதில் உண்டு. ஜன்னலுக்கு ஜன்னல் மாறும், அவ்வளவுதான்.

முதல் ஜன்னல், பிஎம் கிசான். வருஷம் 6,000 ரூபாய். அந்தம்மா போய் நின்றால், குடும்பம் என்பது கணவன், மனைவி, மைனர் பிள்ளைகள், அதில் ஒருத்தர் போன வருஷம் வருமான வரி கட்டியிருந்தாலும் எல்லோருக்கும் கிடையாது என்பார்கள். பட்டா அந்தம்மா பெயரில், களை வெட்டியது அந்தம்மா கை, வரி கட்டினது மட்டும் புருஷன். பரவாயில்லை, ஒரே ஆள்! சென்னையும் இதில் டெல்லிக்குச் சளைத்ததில்லை. 2023 செப்டம்பர் 15ல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000. பெயரில் உரிமை இருக்கிறது. விண்ணப்பத்தில் வீட்டுக்காரர் வருமானம் இருக்கிறது. மகளிரின் உரிமையை மகளிரின் வீட்டுக்காரர் சம்பளம் தின்றுவிடும்.

சரி, ஒரே ஆள்தானே, வரியையும் ஒன்றாகப் போடுங்கள் என்று அடுத்த ஜன்னலில் கேட்டுப் பாருங்கள். ஐயய்யோ, இந்தியாவில் தனி ஆளுக்குத் தனி வரி! 2025-26 கணக்கு வருஷத்துப் புதிய முறையில் கணவன் மனைவி இருவருக்கும் ஆளுக்கு 8 லட்சம் வரிக்குரிய வருமானம் என்றால் வரி பூஜ்யம். அதே 16 லட்சம் ஒருவர் மட்டும் சம்பாதித்து, மற்றவர் வீட்டையும் பிள்ளையையும் மாமியாரையும் பார்த்துக்கொண்டிருந்தால் வரி 1,20,000, அதற்கு மேல் 4 சதவீத செஸ். பேரையூரில் 16 லட்சம் யாருக்கு என்று கேட்காதீர்கள். அநியாயம் தன் அளவுக்கு ஆள் தேடிக்கொள்ளும். அமெரிக்காவில் தம்பதியின் வருமானத்தைச் சேர்த்துப் பாதியாகப் பிரித்து வரி போடும் வழி 1948லேயே வந்துவிட்டது, ஜெர்மனியில் 1958ல். இங்கே பட்டயக் கணக்காளர் சங்கம் 2025 பட்ஜெட்டுக்கு முன்னால் இதையே எழுதிக் கொடுத்தது. பட்ஜெட்டும் வந்தது.

இப்போது மூன்றாவது ஜன்னல். 1961ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டம், 64ஆம் பிரிவு. புருஷன் பெண்டாட்டிக்குச் சும்மா கொடுத்த பணத்தில் வட்டி வந்தால், அந்த வட்டி புருஷன் வருமானம். மறுபடியும் ஒரே ஆள்! கல்யாணத்துக்கு முதல் நாள் கொடுத்திருந்தால் அது அவள் வருமானம். தாலி கட்டின மறுநாள் கொடுத்தால் அவன் வருமானம். பிரிந்து வாழ ஒப்பந்தம் போட்டுக்கொண்டு கொடுத்தால் இந்தப் பிரிவு ஒதுங்கிக்கொள்ளும். சேர்ந்து வாழ்கிறவர்களைத்தான் பிடிக்கும். அன்பினால் கொடுத்ததாச்சே என்று வாதாடவும் முடியாது. அன்பு நல்லதுதான், ஆனால் கொடுத்த சொத்துக்கு ஈடான விலை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1961லேயே சொல்லிவிட்டது. 2025ல் புதுச் சட்டம் எழுதினார்களே, அதில் மாறியிருக்கும் என்று நினைத்தால் நம் தப்பு. பிரிவு எண் மாறியிருக்கிறது. நியாயத்துக்குச் சொல்லிவிடுகிறேன், நடுவர்களில் எல்லோரும் கல் நெஞ்சக்காரர்கள் இல்லை. பணமதிப்பு நீக்கத்தில் இல்லத்தரசிகள் தங்கள் சிறுவாட்டுப் பணத்தை எடுத்துப்போய் வங்கியில் கட்டியபோது, இரண்டரை லட்சம் வரை கணக்குக் கேட்காதே என்று ஆக்ரா தீர்ப்பாயம் 2021ல் சொன்னது. சிறுவாட்டுக்கு ஒரு தீர்ப்பாயம் தேவைப்பட்ட நாடு.

இந்த மூன்று ஜன்னலுக்கும் நடுவில் தப்பு நடக்காமல் இருக்குமா? நடந்தால் எப்படித் திருத்துவது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அவர் 8 லட்சத்தைப் பெண்டாட்டி பெயரில் வங்கியில் போடுகிறார். 7 சதவீத வட்டி, வருஷம் 56,000. ஐம்பதாயிரத்தைத் தாண்டியதால் வங்கி அந்தம்மா பான் எண்ணில் 5,600 பிடித்துக் கட்டிவிடுகிறது. வட்டி சட்டப்படி அவருடையது. பிடித்த வரி அந்தம்மா கணக்கில். நேர்மையான மனிதர், வட்டியைத் தன் கணக்கில் காட்டி 5,600ஐயும் கழித்துக்கொள்கிறார். கழிப்பு ஏற்கப்படவில்லை, பாக்கியைக் கட்டு என்று பெங்களூர் வரி மையத்திலிருந்து நோட்டீஸ். இதற்கு விதி இருக்கிறது ஐயா, 37பிஏ! அந்தம்மா வங்கியில் ஒரு உறுதிமொழி கொடுத்து, வங்கி அந்த வரியைக் கணவர் பெயரில் காட்ட வேண்டும். கவுண்டரில் போய் 37பிஏ என்று சொல்லிப் பாருங்கள், லாக்கர் நம்பரா என்பார்கள். இதே வட்டியைத் தன் வருமானம் என்று அந்தம்மா பொய்யாகக் காட்டியிருந்தால் 5,600 ரீஃபண்டு கிடைத்திருக்கும். உண்மை சொன்னதற்கு நோட்டீஸ்.

அதையும் சரிக்கட்டலாம் என்று பார்த்தால் இனிஷியல் வந்து நிற்கிறது. பான் கார்டில் அப்பா இனிஷியல், ஆதாரில் புருஷன் இனிஷியல், பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. மூன்றும் ஒரே பொம்பளைதான் என்று நிரூபித்தால்தான் எந்தப் பணமும் உள்ளே வரும். பேரையூரில் பஸ் ஏறி, டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் தாண்டி மதுரை பீபீகுளத்தில் வரி ஆபீஸ். அங்கே போனால், எல்லாம் ஆன்லைன்தான்.

கெடு தாண்டிவிட்டதா? கவலை வேண்டாம், 2022ல் ஐடிஆர்-யு என்று கெடுவுக்குப் பிறகு கணக்கைத் திருத்த ஒரு படிவம் கொண்டுவந்தார்கள், 2025ல் அதற்கு நாலு வருஷம் அவகாசம் கொடுத்தார்கள். தாமதத்தைப் பொறுத்து, பாக்கி வரிக்கும் வட்டிக்கும் மேல் 25, 50, 60, 70 சதவீதம் கூடுதல். வரியைக் கூட்டத் திருத்தலாம். குறைக்கவோ ரீஃபண்டு கேட்கவோ திருத்த முடியாது. அவர்களுக்குச் சேர வேண்டியது என்றால் மட்டும் கதவு திறக்கும்! நமக்கு வர வேண்டியது என்றால் 119(2)(பி) என்று இன்னொரு பிரிவில் ‘தாமதத்தை மன்னியுங்கள்’ என்று மனுப் போட வேண்டும். நம் காசைக் கேட்க நாமே மன்னிப்பும் கேட்க வேண்டும். அதற்கும் 2024 அக்டோபர் சுற்றறிக்கை ஐந்து வருஷக் கெடு வைத்திருக்கிறது.

நாம் கட்டத் தாமதித்தால் மாதம் 1 சதவீத வட்டி. அவர்கள் திருப்பித் தரத் தாமதித்தால் மாதம் அரை சதவீதம். அந்த அரையும், ரீஃபண்டு மொத்த வரியில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால் கிடையாது. மன்னிப்பு மனு போட்டு வாங்குகிற ரீஃபண்டுக்கோ, வட்டி தர மாட்டோம் என்று அந்தச் சுற்றறிக்கையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.