பதினைந்துக்குப் பதினொன்று

அனுப்புநர்: ஸ்லைடுஷோ போடுவது பொழுதுபோக்கு என்று வெகுகாலம் நம்பியிருந்த ஒரு கேமராக்காரர், சென்னை.

பெறுநர்: ஆடியோ விஷுவல் (அதாவது ஒலியோடு கூடிய ஸ்லைடுஷோ) போட்டிகள் நடத்தும் ஒளிப்படக் கூட்டமைப்புகளின் நடுவர் பெருமக்கள், உலகம் முழுவதும்.

பொருள்: மதிப்பெண் முறையை வீடுகளுக்கும் விரிவுபடுத்தக் கோருதல் – தொடர்பாக.

ஐயா, அம்மா,

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். பத்து நிமிட ஸ்லைடுஷோவில் நூறு படம் இருக்கலாம், ஒரு பாட்டியின் குரல் இருக்கலாம், கிராமத்துத் தெருவின் மழைச் சத்தம் இருக்கலாம். அத்தனையையும் ஒரே ஒரு எண்ணாகச் சுருக்கித் தருகிறீர்களே, அந்த வித்தை வேறு யாருக்கு வரும்? மூன்று பேர் இருட்டில் உட்காருகிறீர்கள். ஆளுக்கொரு பொத்தான் பெட்டி. ஒன்றிலிருந்து ஐந்து வரை. கடைசிப் படம் மறைந்து விளக்கு வருவதற்குள் மூன்று விரல்கள் அமுங்குகின்றன. நான்கு, மூன்று, நான்கு. பதினைந்துக்குப் பதினொன்று. அடுத்தது!

இத்தனை சிக்கனமான ஒரு முறை உங்கள் அரங்குகளுக்குள்ளேயே முடங்கிக் கிடப்பது அநியாயம். எங்கள் வீடுகளுக்கும் வரவேண்டும் என்பதே இந்த விண்ணப்பம்.

ஸ்லைடுஷோ வீட்டுப் பிள்ளை என்பது உங்களுக்குத் தெரியும். கோடாக் கம்பெனியின் கரௌசல் ப்ரொஜக்டரில் வட்டத் தட்டு ஒன்றில் 80 ஸ்லைடு செருகி, துவைத்த வேட்டியைச் சுவரில் கட்டி, கொடைக்கானல் போய் வந்த கதையைச் சொந்தக்காரர்களுக்குக் காட்டிய காலம் ஒன்று இருந்தது. 2004இல் கோடாக் ஸ்லைடு ப்ரொஜக்டர் செய்வதையே நிறுத்திவிட்டது. வேட்டி போய் டிவி வந்தது. சொந்தக்காரர்கள் மட்டும் மாறவில்லை. இன்றும் மதிப்பெண் போடத் தெரியாமல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவர்கள் பார்க்கிற லட்சணத்தைக் கேளுங்கள். குணா குகை, தூண் பாறை என்று படங்கள் ஓடுகின்றன. ஒரு சத்தமும் இல்லை. ஏரிக்கரையில் பையன் ஐஸ்க்ரீமோடு நிற்கும் படம் வருகிறது. ஃபோகஸ் கொஞ்சம் போயிருக்கிறது, அடிவானமும் சாய்ந்திருக்கிறது. சித்தி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போகிறாள். "நிறுத்து நிறுத்து. பின்னாடி பெஞ்சில உட்கார்ந்திருக்கிறது அப்பாதானே?" அப்பாதான். முகம் பாதி தெரிகிறது, கையில் ஃபிளாஸ்க். அந்தப் பயணத்தில் அவரை யாரும் தனியாகப் படமே எடுக்கவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைக்கிறது. ஃபிளாஸ்க் யாருடையது என்று ஒரு சண்டை, அந்த வருஷம் சித்தப்பா ஏன் வரவில்லை என்று இன்னொரு சண்டை, அரைமணி நேரம் அதே படத்தில் நிற்கிறது காட்சி.

உங்கள் குறிப்பேட்டில் இதே படத்துக்கு என்ன எழுதியிருப்பீர்கள் என்று எனக்கு மனப்பாடம். பின்னணியில் கவனத்தைச் சிதறடிக்கும் உருவம், வெட்டியிருக்கலாம். இரண்டு மதிப்பெண். இந்த ஒழுங்கைத்தான் எங்கள் சித்திக்கு யாராவது கற்றுக்கொடுக்க வேண்டும் என்கிறேன்.

வீட்டுக்கு வருமுன் உங்கள் கணக்கில் ஒரு சின்னச் சந்தேகத்தைத் தீர்த்துவையுங்கள். தேர்வுக்கு 12 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு படம் இரண்டு நடுவர்களை உலுக்கிவிடுகிறது. ஆளுக்கு ஐந்து போடுகிறார்கள். மூன்றாமவருக்கு அது ஆகவே இல்லை, ஒன்று. மொத்தம் 11, வெளியே. அடுத்த படம் யாரையும் உலுக்கவில்லை, யாரையும் உறுத்தவும் இல்லை. நான்கு, நான்கு, நான்கு. 12, உள்ளே. இரண்டு பேர் வீட்டுக்குப் போயும் மறக்க முடியாத படம் தோற்றது. மூன்று பேரும் படியிறங்குமுன் மறந்த படம் தேறியது. கூட்டலில் பிழை இல்லை, இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டேன்.

இந்தக் கணக்கு புரிந்தபின் எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? நாலு நாலு நாலு வாங்குவது இப்போது எல்லோருக்கும் அத்துப்படி. பனிமூட்ட விடியலில் தொடங்க வேண்டும். மூன்றாவது படத்துக்குள் முதியவர் ஒருவரின் முகச்சுருக்கம் வந்துவிட வேண்டும், கறுப்பு வெள்ளையில் இருந்தால் உத்தமம். மெதுவாக ஒரு பியானோ. நடுவில் கொஞ்சம் வறுமை, ஆனால் அழகான வெளிச்சத்தில். முடிவில் ஒரு குழந்தை சிரிக்க வேண்டும். இதெல்லாம் எங்கே கிடைக்கும் என்பதற்கு ஒரு நாட்காட்டியே புழக்கத்தில் இருக்கிறது: தசராவுக்குக் குலசேகரப்பட்டினம், சித்திரையில் கூவாகம், பொங்கலுக்கு அலங்காநல்லூர், தெய்யத்துக்குக் கண்ணூர், ஹோலிக்கு பர்சானா. குலசையில் காளி வேடம் கட்டியவர் விரதமிருந்து வந்து நிற்கிறார். அவரிடம், "அண்ணே, நாக்கை இன்னொரு தடவை நீட்டுங்க, வெளிச்சம் இந்தப் பக்கம்" என்று கேட்கிற அளவுக்குக் கலை வளர்ந்திருக்கிறது. அவர் அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர், நாங்கள் பதினைந்துக்கு நேர்ந்துகொண்டவர்கள்.

உங்கள் கஷ்டமும் எனக்குப் புரியாமல் இல்லை. போட்டி என்று அறிவித்தபின் எதையாவது வெட்டித்தான் ஆகவேண்டும். எண்ணில்லாமல் வெட்டினால் சங்கத் தலைவரின் மச்சானுக்குத்தான் கேடயம் என்று நாங்களே பேசுவோம். ஒலி ஒரே சீராக இருக்கிறதா, பேச்சு இசையில் மூழ்குகிறதா, படம் தாளத்தோடு மாறுகிறதா என்பதற்கெல்லாம் மதிப்பெண் போடலாம், யாரும் வழக்குக்கு வரமாட்டார்கள். ஜிம்னாஸ்டிக்ஸில் தரையிறங்கும்போது கால் தடுமாறினால் இவ்வளவு குறை என்று அட்டவணையே இருக்கிறது. அப்படி எண்ணக்கூடிய விளையாட்டிலேயே 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் நாடியா கொமனேச்சி பத்துக்குப் பத்து எடுத்தபோது பலகைக்கு அதைக் காட்டத் தெரியாமல் 1.00 என்று காட்டியது. உங்கள் பலகையில் அந்தக் கோளாறு வராது. முதல் படத்துக்கு யாரும் ஐந்து போடுவதில்லை, பின்னால் இதைவிட நல்லது வந்தால் என்ன செய்வது என்ற முன்ஜாக்கிரதை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் படத்துக்கும் போடுவதில்லை, அதற்குக் காரணம் தயிர்சாதம். பிரிட்டனின் கேமரா கிளப்புகளில் 20க்கு மதிப்பெண் போடுவது வழக்கம். நடுவர்களுக்கு 13, 14க்குக் கீழே இறங்க மனசு வராது. ஏணியில் இருபது படி, ஏறி இறங்குவது மேலே உள்ள ஏழெட்டில் மட்டும். கீழ்ப்படிகள் எதற்கு என்று கேட்டால், ஏணி கௌரவமாக இருக்க வேண்டாமா என்பார்கள்.

எண்ணவே முடியாத ஒன்று ஸ்லைடுஷோவில் இருக்கிறது, அதைப் பற்றிப் பேசாமல் இந்தக் கடிதத்தை மூட முடியாது. இரண்டு ப்ரொஜக்டர்களை ஒரே திரையில் குவித்து, ஒன்றின் விளக்கைத் தணித்து மற்றதை ஏற்றுகிற டிசால்வ் வித்தை வந்தபோது, இந்தக் கலைக்காரர்கள் ஒன்றைக் கண்டுகொண்டார்கள். முதல் படம் போய்க்கொண்டிருக்க, இரண்டாம் படம் வந்துகொண்டிருக்க, நடுவில் மூன்றாவதாக ஒரு படம் திரையில் பிறக்கிறது. எடுத்தவரின் கேமராவில் அது இல்லை. எந்த ஸ்லைடிலும் இல்லை. உதாரணத்துக்கு, திண்ணையில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த படம், அதே வீட்டின் பூட்டிய கதவு. ஒன்று மற்றொன்றில் கரைகிற இரண்டு நொடிக்குக் கதவு அவருடைய நெஞ்சின்மேல் நிற்கும், பூட்டு சரியாக நடுமார்பில். அவ்வளவுதான், அவர் போய்விட்டார், கதவு தங்கிவிட்டது. அவர் செத்தார் என்று யாரும் சொல்லவில்லை. பின்னணிக் குரலும் இல்லை. பூட்டு அந்த இடத்தில் வந்து விழ வேண்டும் என்பதற்காக ஒருவர் வெயிலில் நின்று எத்தனை தடவை முக்காலியை நகர்த்தியிருப்பார்! இன்றைக்குக் கம்ப்யூட்டரில் நொடியை ஆயிரம் கூறாக்கி அந்த நேரத்தை நிறுத்திவைக்கலாம். ஆனால் எந்த இரண்டு படத்தை அடுத்தடுத்து வைப்பது என்பதை எந்த மென்பொருளும் சொல்லித் தராது. இல்லாத அந்த மூன்றாம் படத்துக்கு உங்கள் பெட்டியில் எந்தப் பொத்தான்?

மதிப்பெண் இல்லாமலும் நம் ஊரில் நடுவர்கள் இருந்திருக்கிறார்கள். 1855இல் சென்னையில் ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி மைசூர்ப் பக்கத்துக் கோயில்களை எடுத்த 68 படங்களை வைத்திருந்தார். நடுவர் குழு அவற்றைப் பார்த்துவிட்டு, காகிதத்தில் எடுத்த காட்சிப் படங்களில் இந்த வரிசையே சிறந்தது என்று வார்த்தையில் சொல்லிற்று. பின்னாளில் அரசாங்க ஒளிப்படக்காரராகி அதே ட்ரைப் தஞ்சாவூர் போனார். பெரிய கோயில் விமானத்தின் அடியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 1858இல் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளச் சுருளாக்கினார். நடந்துகொண்டே பார்க்க வேண்டிய ஸ்லைடுஷோ அது. உங்களிடம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். மனிதர்களே இல்லை. ஒரே மாதிரிக் கல். மையப் பொருள் எது என்று தெரியவில்லை. தொடக்கமும் முடிவும் பலவீனம். இரண்டு, மூன்று, இரண்டு. ஏழு. அடுத்த தடவை விடியலில் எடுத்துப் பார்க்கவும்.

பட்டங்கள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1950இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பிறந்த ஃபியாப் என்ற சர்வதேச ஒளிப்படக் கூட்டமைப்பு, தேர்வான படங்களை எண்ணிப் பார்த்து ஏஃபியாப், ஈஃபியாப் என்று பட்டம் தருகிறது. அதற்கு மேல் வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், அப்புறம் வைரத்தில் ஒன்று இரண்டு மூன்று. ஆடியோ விஷுவலுக்குத் தனியாக உண்டு. எங்கள் ஊரில் இதற்கு நல்ல மரியாதை. விசிட்டிங் கார்டில் பெயர் ஒரு வரி, வால் இரண்டு வரி என்று போட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு குற்றமும் இல்லை. டாக்டர் பட்டம் வாங்காத அரசியல்வாதி இல்லாத நாட்டில் ஒளிப்படக்காரர் மட்டும் மொட்டையாக நிற்க வேண்டுமா? ஒன்றுதான் இடிக்கிறது. இத்தனை எழுத்துக்குச் சொந்தக்காரரிடம், "உங்கள் படத்தில் நடுவர்களுக்கு எந்த இடம் பிடித்தது சார்?" என்று கேட்டால் அவருக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வந்தது தெரியும், பதிமூன்று வந்தது தெரியும். எதற்காக வந்தது என்று ஒருவரும் அவருக்குச் சொன்னதில்லை.

எங்கள் சித்தி சொல்லிவிடுவாள். அவள் செய்வதில் ஒரு சௌகரியக் குறைச்சல் உண்டு, அவள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். நாளைக்கும் அவள் எங்கள் முகத்தில் விழிக்க வேண்டும். உங்கள் பெட்டியில் அமுங்கிய ஒன்று யாருடைய விரல், ஐந்து யாருடைய விரல் என்று அரங்கில் ஒருவருக்கும் தெரியாது. கூட்டிவிட்டால் மூவரும் காணாமல் போய்விடுகிறீர்கள். பதினொன்று போட்ட ஆள் என்று உலகத்தில் யாருமே இல்லை.

ஆகவே என் பழைய கோரிக்கையைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். அதற்குப் பதில் உங்களுக்குள்ளேயே ஏற்கெனவே இருக்கிற ஒரு வழக்கத்தைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் பக்கத்துப் போட்டிகளில், கூட்டுத்தொகை எப்படியிருந்தாலும், ஒவ்வொரு நடுவரும் தன் மனசுக்குப் பிடித்த ஒன்றைத் தனியாக எடுத்துத் தன் பெயரில் பரிசு கொடுக்கிறார். பட்டியலின் ஓரத்தில் ஆறுதல் பரிசு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் அதை நடுவில் வையுங்கள். தேறியதா இல்லையா என்பதற்கு மட்டும் பொத்தானை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின் மூன்று பேரும் விளக்கைப் போட்டு, எழுந்து நின்று, ஆளுக்கொரு படத்தின் பெயரைச் சொல்லி, அதில் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டீர்கள் என்று சொல்லுங்கள். தமிழிலோ பிரெஞ்சிலோ தடுமாறிச் சொன்னாலும் சரி. நடுவில் தூங்கிவிட்டேன் என்றாலும் மரியாதையாக ஏற்றுக்கொள்வோம். பின்வரிசையிலிருந்து ஒருவர், "இல்லை சார், நீங்கள் சொல்கிற படம் சுத்த போர்" என்று எழுந்தால் அவரையும் இரண்டு நிமிடம் பேச விடுங்கள். கேடயம் எந்தக் கைக்குப் போனாலும் எங்களுக்கு ஆட்சேபணை கிடையாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
ஸ்லைடுஷோக்காரர்

பி.கு.: நுழைவுக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்பதாக நினைக்க வேண்டாம். ஆனால் டாலரிலும் யூரோவிலும் கட்டிய பணத்துக்கு மூன்று எண்கள் மட்டும் மின்னஞ்சலில் வரும்போது, எண் ஒன்றுக்கு எவ்வளவு விழுகிறது என்று வீட்டில் கேட்கிறார்கள். அடுத்த முறை எண்ணோடு இரண்டு வரி எழுதி அனுப்பினால் கட்டணத்தில் ஐம்பது ரூபாய் கூட்டிக்கொள்ளுங்கள். கையால் எழுதினால் நூறு.