செல்ஃப் எடுக்கல

"டக்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு இந்தச் சத்தம் கேட்டால் நான் போட்டிருக்கும் சட்டையைக் கழற்றிவிட்டுப் பழைய பனியனைத் தேட ஆரம்பிப்பேன். அண்ணாச்சி காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பியிருக்கிறார். செல்ஃப் எடுக்கவில்லை. இன்னும் ஐந்து நிமிடத்தில் டார்ச் பிடிக்க எனக்கு அழைப்பு வரும்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் தெருவுக்கு ஒரு அண்ணாச்சி இப்படி உண்டு. எங்கள் தெரு அண்ணாச்சி அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷம் அடுத்தவர் எழுதிய கோப்புகளில் கையெழுத்துப் போட்டே காலம் கழித்தவர். ஓய்வு பெற்ற மறுநாள் கை சும்மா இருக்கமாட்டேன் என்றது. மிக்ஸியைக் கழற்றினார். அன்றிலிருந்து அந்த மிக்ஸிக்கு ஒன்றும் இரண்டும் கிடையாது, நேரே மூன்றுதான். சட்னி அரைத்தால் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துவிடும். அடுத்து ஹால் மின்விசிறி. அது சுற்றுக்கு ஒரு தடவை "கடக்" என்கிறது. "ஓடுதுன்னு தெரியணும்லா" என்கிறார் அண்ணாச்சி.

வேலையில் இறங்கும்போது அவருக்கு ஒரு சீருடை உண்டு. முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய கட்டம்போட்ட கைலி, காதில் செருகிய பென்சில், தோளில் ஒரு காலத்தில் துண்டாக இருந்த ஒரு பொருள். ஆயுதங்கள் எல்லாம் அல்வா டப்பாக்களில் இருக்கும். இந்த ஊரில் எந்த வீட்டிலும் அல்வா டப்பாவுக்குப் பஞ்சமில்லை. அண்ணாச்சி வீட்டில் அவற்றுக்குள் அல்வாவுக்குத்தான் பஞ்சம். பட்டணத்திலிருந்து வந்த சம்பந்தி ஒருவர் அலமாரியில் இருந்த டப்பாவை ஆசையோடு திறந்து, கிரீஸில் ஊறிய வாஷரைப் பார்த்துவிட்டு, நாகரிகமாக மூடி வைத்தாராம்.

ஒவ்வொரு வேலை முடிவிலும் ஓரிரு போல்ட் மிஞ்சும். அதற்கும் அவரிடம் ஒரு சித்தாந்தம் தயாராக இருக்கிறது. "கம்பெனிக்காரன் பயந்துபோயி ரெண்டு கூடப் போட்டிருப்பான்வே."

சாவியைத் திருப்பியதும் இஞ்சினைச் சுற்றிவிடுகிற சாமானுக்குப் புத்தகத்தில் பெயர் ஸ்டார்ட்டர் மோட்டார். பட்டறையில் செல்ஃப் மோட்டார், சுருக்கமாக செல்ஃப். செல்ஃப் என்றால் 'தான்' என்று அர்த்தம் தெரிந்த நாளிலிருந்து, அதை அடுத்தவன் கையில் கொடுப்பது தன்மானக் குறைவு என்று அண்ணாச்சி முடிவு கட்டிவிட்டார்.

நான் சொல்லவந்த ஞாயிற்றுக்கிழமை, பாளையங்கோட்டையில் அவருடைய மச்சினர் மகள் கல்யாணம். ஒன்பதிலிருந்து பத்தரை முகூர்த்தம். "ஏங்க, ஆட்டோவுக்குச் சொல்லட்டா?" என்று மதினி ஏழு மணிக்கே கேட்டுவிட்டார்கள்.

"பத்து நிமிசம். மாட்டிட்டுக் காருலயே போயிரலாம்."

இந்தப் "பத்து நிமிசம்" என்பது கடிகாரத்தோடு சம்பந்தப்பட்டதில்லை. அது ஒரு மனநிலை.

மதினி என்னைப் பார்த்தார்கள். நான் டார்ச்சைப் பார்த்தேன். அதற்குள் அண்ணாச்சி சுலோச்சனா முதலியாருக்குப் போய்விட்டார். "இங்கன இருந்து நடந்தா பாலம். 1843-ல ஆத்துக்குக் குறுக்க பாலம் கெட்டுததுக்கு ஒரு மனுசன் சொந்தப் பணத்தைத் தூக்கிக் குடுத்திருக்காரு. அவரு பேருலதான் இன்னும் பாலம் நிக்கி. அந்த ஊருல இருந்துக்கிட்டு, ஒரு மோட்டாரை மாட்ட வெளியாள் கூப்பிடணுமாவே?" முதலியார் பணம்தான் கொடுத்தார், கல்லைத் தானே சுமக்கவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. டார்ச் பிடிக்கிறவனுக்குக் கருத்து கூடாது என்பது தெரு வழக்கம்.

நோய் என்ன என்பதில் முதலில் இரண்டு கட்சி. ஆட்டோ ஸ்டாண்டு தம்பி பேட்டரிக் கட்சி. அண்ணாச்சி செல்ஃப் கட்சி. இதற்கு அவர் செய்த சோதனையை நான் குறை சொல்லமாட்டேன், அருமையான சோதனை. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். விளக்கு செத்த பல்லி மாதிரி மங்கினால் பேட்டரியில் சத்தில்லை, அல்லது அதன் டெர்மினலில் பூப்பூத்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். விளக்கு அப்படியே பளிச்சென்று நிற்க, "டக்" மட்டும் கேட்டால் கோளாறு பெரும்பாலும் மோட்டார் பக்கம். விளக்கு பளிச்சென்று நின்றது. "டக்" என்பது மோட்டாரின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் சொலினாய்டு போடுகிற சத்தம். அது உள்ளே ஒரு சின்னப் பல்சக்கரத்தை முன்னே தள்ளி ஃப்ளைவீல் பல்லோடு கோத்துவிட்டு, பேட்டரிக் கரண்டுக்கு வழியும் திறந்துவிடும். வாசல் திறந்துவிட்டது, உள்ளே இருக்கிறவர் எழுந்திருக்கவில்லை.

ஏன் எழுந்திருக்கவில்லை என்பது தெருவுக்கே தெரியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை அது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தபோது, தாமிரபரணி கரையை மறந்து எங்கள் தெருவுக்குள் வந்தது. பேராத்துச்செல்வி அம்மனைத் தேடி நாம் ஆற்றங்கரைக்குப் போவது வழக்கம். அந்த முறை ஆறு நம்மைத் தேடி வந்தது. கார்கள் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீரில் நின்றன.

அன்றைக்கு அண்ணாச்சி செய்த காரியத்தை நான் சிரிக்காமல்தான் சொல்லவேண்டும். தண்ணீர் வடியத் தொடங்கியதும் தெருவில் அவரவர் ஆவலாகக் காரைத் திறந்து சாவி போடப் போனார்கள். அண்ணாச்சி முழங்கால் சேற்றில் ஓடினார். "ஏல, ஒருத்தனும் சாவியத் திருப்பாத! காத்தை அமுக்கலாம், தண்ணிய அமுக்க முடியாது. சிலிண்டருக்குள்ள தண்ணி கெடக்கும்போது சுத்துனா ராடு வளைஞ்சு இஞ்சினே போயிரும்!" சொல்லிவிட்டு நிற்கவில்லை. வீடு வீடாகப் போய் ஏழு கார்ச் சாவிகளைப் பிடுங்கிப் பனியனுக்குள் போட்டுக்கொண்டார். இரண்டு நாள் கழித்து லாரியில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்பும்போதுதான் திருப்பிக் கொடுத்தார். ஏழு இஞ்சினும் பிழைத்தன.

எட்டாவது கார் அவருடையது. அதைப் பட்டறைக்கு அனுப்பவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, எண்ணெய் மாற்றி, காயவைத்து, தானே ஓடவைத்தார். செல்ஃப் மோட்டாரை மட்டும் திறந்து பார்க்கவில்லை. உள்ளே சுற்றுகிற ஆர்மேச்சருக்கும் அதற்குக் கரண்டு கொடுக்கிற கார்பனுக்கும் நடுவில் தாமிரபரணியின் வண்டல் கொஞ்சம் குடியேறிவிட்டது. நெல் விளைய நல்ல மண். கரண்டு விளையாது.

அதன் பிறகு ஒரு கோடைவரை, ஸ்பேனரால் மோட்டார் முதுகில் இரண்டு தட்டு தட்டினால் எடுக்கும். தேய்ந்த கார்பன் அசைந்து கொடுத்து ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான் அதன் சூட்சுமம். பிறகு அடியும் பலிக்கவில்லை. தள்ளல் காலம் வந்தது. சாவியை ஆன் செய்து, கிளட்ச்சை மிதித்து, இரண்டாவது கியரில் வைத்து, வண்டி உருளும்போது கிளட்ச்சை விடவேண்டும். இதற்காகவே காரைத் தெருவில் ஆற்றுப் பக்கம் சரிகிற இடத்தில், மூக்கைக் கீழே பார்த்து நிறுத்துவார், சக்கரத்துக்கு ஒரு கல். "தானே எல்லாம் பாத்துக்கிடுவேன்" என்கிற மனிதரின் காரை மாதம் முப்பது நாளும் தெருவே தள்ளியது.

அந்த ஞாயிறு எட்டு மணிக்கு வேலை தொடங்கியது. பேட்டரியின் மைனஸ் வயரை முதலில் கழற்றினார். அதில் அவர் கறார். மோட்டாருக்கு வருகிற தடித்த வயர் நேரே பேட்டரியிலிருந்து வருவது. மைனஸைக் கழற்றாமல் அங்கே ஸ்பேனர் போட்டு, அது பாடியிலும் பட்டால் வெல்டிங் பட்டறை மாதிரி பொறி பறக்கும். "வீட்டு மிக்ஸி இழுக்கிறது மூணு ஆம்பியர். இது நூறுக்கு மேல. வெளையாட்டா?" மிக்ஸி என்ற சொல் காதில் விழுந்ததும் மதினி உள்ளே போய்விட்டார்கள்.

மோட்டாரைப் பிடித்திருப்பது இரண்டே போல்ட். கீழ் போல்ட் மரியாதை தெரிந்தது, வந்துவிட்டது. மேல் போல்ட் இஞ்சினுக்கும் இன்னொரு குழாய்க்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியும் கைக்குத் தெரியாது என்கிற இடத்தில் இருந்தது. அதற்குப் பதினாலாம் நம்பர் ரிங் ஸ்பேனர் வேண்டும். அண்ணாச்சியிடம் பன்னிரண்டும் பதினேழும் இருந்தன. பதினாலு சைக்கிள் கடையிலிருந்து வந்தது. ஜாக்கி ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து. நெம்புவதற்குக் குழாய் பிளம்பர் வீட்டிலிருந்து. ஜாக்கி நழுவினாலும் கார் மேலே விழாமல் இருக்க மரக்கட்டைகள் எதிர் வீட்டில் கட்டடம் கட்டுகிற கொத்தனாரிடமிருந்து. துருவில் விட மண்ணெண்ணெய் எங்கள் வீட்டில்தான், நான் ஒளித்துவைத்திருந்தது. பொருளோடு பொருளுக்குச் சொந்தக்காரரும் வந்தார். ஒன்பது மணிக்கு அண்ணாச்சி "தனியாக" செய்துகொண்டிருந்த வேலையைச் சுற்றிப் பதினோரு பேர் நின்றோம்.

மண்ணெண்ணெய் ஊறும்வரை சும்மா இருக்கமுடியாதல்லவா. காருக்கடியில் படுத்தபடியே வரலாறு ஆரம்பித்தது. எங்களுக்குத் தெரிந்தது இரண்டு பாதம் மட்டும். "அந்தக் காலத்துல ஹாண்டில் போட்டுச் சுத்தணும். இஞ்சின் ஒதைச்சா மணிக்கட்டு போயிரும். 1911-ல அமெரிக்காவுல கெட்டரிங்னு ஒருத்தர்தான் கரண்டுல சுத்துற வழி கண்டுபிடிச்சாரு. அடுத்த வருசமே காடிலாக் காருல வந்துட்டு. அதுக்கு முன்ன அவரு என்ன செஞ்சாருன்னு நெனைக்கீரு? கல்லாப்பெட்டி! கரண்டுல ஓடுற கல்லாப்பெட்டி!"

இந்த இடம் எனக்கும் பிடிக்கும். இஞ்சினைச் சுற்றுவதற்கு மோட்டார் வைத்தால் அது ராட்சச மோட்டாராக வேண்டும் என்று எல்லாரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, கெட்டரிங்குக்குக் கல்லாப்பெட்டி நினைவுக்கு வந்தது. கல்லா மோட்டார் நாள் முழுக்க ஓடவேண்டியதில்லை. ஒரு வெட்டு வெட்டித் திறந்துவிட்டால் போதும். காரிலும் அப்படித்தான், சில வினாடி மூச்சைப் பிடித்துத் தள்ளினால் சின்ன மோட்டாரே போதும். அதனால்தான் சாவியைச் சேர்ந்தாற்போல் ஐந்தாறு வினாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது என்பது. வண்ணார்பேட்டை ஜவுளிக்கடைகளின் தீபாவளிக் கல்லாவைப் பார்த்திருந்தால் கெட்டரிங் இந்த யோசனையைக் கைவிட்டிருப்பார், அவற்றுக்கு ஓய்வே கிடையாது.

"அதே 1911-லதான் நம்ம திருக்குறுங்குடிக்காரரு சுந்தரம் அய்யங்காரு டி.வி.எஸ். ஆரம்பிச்சாரு. 1961-ல லூக்காசோட சேந்து கம்பெனி ஆரம்பிச்சு, மெட்ராசு பாடியில செல்ஃப் மோட்டாரே செஞ்சாச்சு. அப்ப இது யாரு ஊரு சாமான்? நம்மூரு சாமான்! கழலாம எங்க போவுது?"

கழன்றது. மோட்டாரும் போல்ட்டும் அண்ணாச்சியின் "அம்மா"வும் ஒன்றாக வந்தன. மூன்று கிலோவுக்குக் குறையாத இரும்பு நெஞ்சில் இறங்கினால் வேறு என்ன சொல்வது.

மணி பத்து. மதினி பட்டுச்சேலையில் வெளியே வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் ஆட்டோவில் ஏறினார்கள். பதினோரு பேரும் தரையைப் பார்த்தோம்.

உதிரிபாகக் கடைக்கு ஸ்கூட்டரில் போனோம், மோட்டார் என் மடியில். கடைப் பையன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டான்: "எட்டுப் பல்லா, ஒம்பது பல்லா?" அண்ணாச்சி முகத்தில் நான் முதல்முறையாக ஈயாடாததைப் பார்த்தேன். நல்லவேளை, மடியிலேயே இருந்ததால் முனைப் பற்களை எண்ணினோம். கிரீஸில் ஒரு தடவை எட்டு வந்தது, ஒரு தடவை ஒன்பது. பையன் பழைய துணியால் துடைத்து, சுண்ணாம்புக் கட்டியால் ஒரு பல்லில் கோடு போட்டு எண்ணிவிட்டு, பொருத்தமான புது மோட்டாரை எடுத்துக் கொடுத்தான். "கார்பனும் புஷ்ஷும் மட்டும் மாத்திக்கிட்டாலே ஓடும் அண்ணாச்சி, காசு மிச்சம்" என்றும் சொன்னான். வண்டல் குடித்த ஆர்மேச்சரை நம்ப அண்ணாச்சி தயாரில்லை. அது நியாயம்தான்.

மாட்டுகிற கதை சுருக்கம். கழற்றினதைத் தலைகீழாகச் செய்யவேண்டும், திட்டுகளின் வரிசை உள்பட. "வே, டார்ச்ச இங்கன அடியும்" என்பார். அடித்தால் "கண்ணுல அடிக்கீரே" என்பார். ஒரு வாஷர் இஞ்சின் இடுக்கில் விழுந்து காணாமல் போக, மாடி வீட்டுக் கல்லூரிப் பையன் உடைந்த ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டித் தூண்டில் போட்டான். முதலில் சிக்கியது வேறு வாஷர். அது யாருடையது, எந்த வருஷத்தது என்று அண்ணாச்சி சொல்லவில்லை.

பன்னிரண்டரைக்கு மைனஸ் வயரைப் பூட்டினார். கைகளைத் துடைத்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தார். பதினோரு பேரும் பழக்கதோஷத்தில் காரின் பின்னால் போய்க் கை வைத்துவிட்டோம்.

"தள்ளாதீங்கலே!"

சாவி திரும்பியது. "சர்ர்ர்ரும்" என்று ஒரே இழுப்பில் இஞ்சின் எழுந்தது. கைதட்டல். கொத்தனார் விசில் அடித்தார். அண்ணாச்சிக்குக் கண் கலங்கியது. மண்ணெண்ணெய் பட்டது என்றார்.

ஆனால் அணைக்கவில்லை. இஞ்சினை ஓடவிட்டபடியே குளித்தார். ஓடவிட்டபடியே வேட்டி கட்டினார். நானும் ஏறிக்கொண்டேன். கல்யாண மண்டப வாசலில் நிறுத்தியபோதும் கை சாவிக்குப் போகவில்லை. "அணைக்கலியா அண்ணாச்சி?" என்றேன். "பேட்டரி சார்ஜ் ஏறட்டும்வே" என்று கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் காரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

உள்ளே தாலி கட்டி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடைசிப் பந்தியில் சொதி தீர்ந்து ரசம் ஓடிக்கொண்டிருந்தது. மதினி எங்களைப் பார்த்தார்கள், பார்க்காதது மாதிரி பக்கத்து அம்மாளிடம் பேச்சைத் தொடர்ந்தார்கள். அண்ணாச்சி நேரே மொய் எழுதுகிற மேசைக்குப் போனார். ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து வைத்தார். மொய் எழுதுகிறவர் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒற்றை ரூபாய்க்காக அண்ணாச்சி சட்டைப் பைக்குள் விரலை விட்டுத் துழாவி, எடுத்து, தாளின்மேல் வைத்தார்.

அது போல்ட். நீளமானது, நுனியில் மண்ணெண்ணெய் வாசம் இன்னும் இருந்தது.

மொய் எழுதுகிறவர் போல்ட்டைப் பார்த்தார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். வாசலில் கார் ஓடிக்கொண்டிருக்கும் சத்தத்தை இருவரும் ஒரு நிமிடம் உன்னிப்பாகக் கேட்டோம்.

"ஒத்த ரூவா இருக்காவே?" என்றார் அண்ணாச்சி.