வீட்டுப் பெல்ட் கிரைண்டரில் சக்கரத் தெரிவும் ஆட்டத்தின் ஆசிரியர் சிக்கலும்: ஓர் ஆய்வு

முன்னுரை

கத்தி செய்யும் ஆர்வலர் வீட்டுக் கொல்லையில் தாமே பற்றவைத்துக்கொள்ளும் பெல்ட் கிரைண்டருக்கு எந்தச் சக்கரம் வாங்குவது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இத்தலைப்பில் இதுவே முதல் ஆய்வு. தமிழில் எழுதப்படும் எல்லா ஆய்வேடும் அந்தந்தத் தலைப்பில் முதல் ஆய்வே ஆதலால் இதில் வியப்பொன்றும் இல்லை.

ஆய்வின் கருதுகோள்: நல்ல சக்கரம் ஆடாது. மரபுப்படி இது முடிவுரையை எழுதிய பின் எழுதப்பட்டது.

ஆய்வு எல்லை: அமெரிக்கக் கத்திக்காரர்களிடம் வழக்கூன்றிய 2 அங்குல அகலமும் 72 அங்குல நீளமும் கொண்ட பெல்ட். ஆய்வுக் களம்: மோட்டாரும் பம்பும் வெட் கிரைண்டரும் பெற்றெடுத்த கோவை, குறிப்பாக, அதன் லேத் பட்டறைகளின் வாசல். உள்ளே போனால் வேலை கெடும் என்று ஆய்வாளர் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்.

இயல் 1: சக்கர வகைப்பாடு

சக்கரம் நான்கு வகைப்படும். ஓட்டுவது, தொடுவது, திருப்புவது, சும்மா சுற்றுவது என.

ஓட்டுவது டிரைவ் வீல். மோட்டார் ஷாஃப்ட்டில் உட்காரும். பெல்ட்டின் வேகத்தை நிர்ணயிப்பது இதன் விட்டமே. நான்கு அங்குலச் சக்கரத்தை 1440 சுற்று மோட்டாரில் மாட்டினால் பெல்ட் நிமிடத்துக்குச் சுமார் 460 மீட்டர் ஓடும். ஆறு அங்குலம் என்றால் சுமார் 690 மீட்டர். சாணை பிடிக்கையில் விளிம்பு நீலம் பூத்தால் எஃகின் பதம் போயிற்று என்று பொருள். ஆகவே வேகத்தைக் கூட்டிக் குறைக்க விஎஃப்டி வைப்பாரும் உளர். அடிக்கடி தண்ணீரில் முக்குவாரும் உளர். இரண்டும் செய்யாமல் நீல நிறத்தின் அழகைப் பேசுவாரும் உளர்.

தொடுவது காண்டாக்ட் வீல். அலுமினியத்தின் மேல் ரப்பர் போர்த்தியது. ரப்பரின் கடினத்தை ஷோர் ஏ அளவால் சொல்வர். 70 என்றால் கெட்டி, இரும்பை நன்றாக அரிக்கும். எண் குறையக் குறைய மெத்தென்றிருந்து மெருகுக்கு உதவும். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்து "எழுபது இருக்கும்" என்று சொல்லும் கடைக்காரரை நம்புவதா என்பது தனி ஆய்வுக்குரியது.

திருப்புவது டிராக்கிங் வீல். இதன் நடு சற்றே உயர்ந்து, இரு விளிம்பும் தாழ்ந்திருத்தல் வேண்டும். மேட்டிலிருந்து இறங்குவதே உலக இயல்பாயிருக்க, பெல்ட் மட்டும் மேட்டைத் தேடி ஏறும். மேட்டின்மேல் கிடக்கும் பகுதி கூடுதலாக இழுபடுவதால் பெல்ட் சற்றே சாய்கிறது. சாய்ந்து வரும் அடுத்த பகுதி இன்னும் மேலே போய் விழுகிறது. உச்சி வந்ததும் நிலைகொள்கிறது. இந்த முதுகு ஒரு சக்கரத்துக்குப் போதும். காண்டாக்ட் வீலுக்கும் முதுகு கேட்பவர்களுக்குக் கத்தியின் விளிம்பு ஓரிடத்தில் பள்ளமும் ஓரிடத்தில் மேடுமாக வந்து சேரும்.

சும்மா சுற்றுவது ஐட்லர். வருவதை வாங்கி அடுத்ததற்கு அனுப்பும்; வேறு பொறுப்பில்லை. இதைத் துறைத்தலைவர் பதவிக்கு ஒப்பிடுவர் ஒருசாரார், நாம் ஒப்பிடவில்லை.

ஸ்பிரிங்: வேண்டும்.

இயல் 2: பேரிங் இலக்கணம்

பேரிங் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் துளையின் அளவைக் குறிக்கும். 00 எனின் பத்து மில்லிமீட்டர், 01 எனின் பன்னிரண்டு, 02 எனின் பதினைந்து, 03 எனின் பதினேழு. 04 முதல் ஐந்தால் பெருக்கிக்கொள்க. நம் இலக்கண நூல்களில் விதி முன்னும் புறனடை பின்னும் வரும். இங்கே புறனடை நான்கும் முன்னே நிற்க, விதி கடைசியில் தயங்கித் தயங்கி வருகிறது. ஆக 6203 என்பது பதினேழு மில்லிமீட்டர் துளையுடையது. பின்னொட்டு 2ஆர்எஸ் எனின் இருபுறமும் ரப்பர் மூடி. இசட்இசட் எனின் தகட்டு மூடி. இரும்புத்தூளும் மணல்பொடியும் பறக்கும் இடத்தில் ரப்பர் மூடியே கொள்க. தகடு மலிவு என்பார் கூற்று மூன்று மாதத்துக்கே பொருந்தும்.

தண்டு சற்றுக் கோணினாலும் அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் பேரிங்கை 1907-இல் சுவீடனில் ஒரு துணியாலைப் பொறியாளரான ஸ்வென் விங்குவிஸ்ட் கண்டுபிடித்துவிட்டார். தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் அறிஞர் இன்னும் சோதனை நிலையில்தான் இருக்கிறார்.

இயல் 3: ஆட்டத்தின் ஆசிரியர் யார்?

இவ்வியலே ஆய்வின் உயிர்நாடி. எல்லாம் பூட்டி, சுவிட்சைப் போட்டதும் கிரைண்டர் ஆடுகிறது. ஆட்டம் என்னும் இப்படைப்பு ஆசிரியர் பெயரின்றியே கிடைத்துள்ளது. எழுதியவர் யார் என்பதில் நான்கு கருத்துகள் நிலவுகின்றன.

லேத்காரர் கருத்து: சக்கரம் சரி, குற்றம் பேரிங்குடையது. (சான்று: பட்டறைச் சுவர், சாக்பீஸ் எழுத்து, மூன்றாம் வரி.)

பேரிங் கடைக்காரர் கருத்து: பேரிங் கம்பெனி சரக்கு, குற்றம் ஷாஃப்ட்டினுடையது. (சான்று: பில்லின் பின்புறம், டீக்கறைக்குக் கீழே, கறை மூலத்தைச் சேர்ந்ததா இடைச்செருகலா என்பது ஐயம்.)

மோட்டார் விற்றவர் கருத்து: ஷாஃப்ட் நேர், வெல்டிங் சூட்டில் சட்டம் இழுத்துக்கொண்டது. (சான்று: தொலைபேசி உரையாடல், நடுவில் வேறொருவருக்கு அவர் சொன்ன விலையும் பாடத்தில் கலந்துவிட்டது. அதை நீக்கிப் படிப்பார் ஒரு மரபினர். அந்த விலைக்கே கேட்டுப் பார்ப்பார் மற்றொரு மரபினர்.)

வெல்டர் கருத்து: "சட்டமெல்லாம் மட்டமாத்தானுங்க இருக்குது. நீங்க அந்த லேத்துக்காரரைக் கேளுங்க." (சான்று: முகக்கவசத்துக்கு உள்ளிருந்து, புகைக்கு நடுவே, பக்கத்துப் பட்டறையில் தகடு வெட்டும் ஓசையோடு செவிவழியாகக் கிடைத்த பாடம். 'அந்த' என்பதை 'எந்த' என்று கொள்ளும் பாடபேதமும் உண்டு. அப்படிக் கொண்டால் லேத்காரர் பலராவர். பலராயின் பட்டறைச் சுவரும் பல. சுவர் பலவாயின் முதற்சான்றின் மூன்றாம் வரி எந்தச் சுவரினது என்ற வினா எழும். சரிபார்க்கச் சென்றபோது ஆயுத பூஜைக்கு வெள்ளையடித்திருந்தார்கள். ஆகவே முதற்சான்று இனி மறுக்கவே முடியாத சான்றாயிற்று.)

நால்வரும் அடுத்தவரை மேற்கோள் காட்டுகிறார்கள். நான்காமவர் முதலாமவரைக் காட்டுகிறார். வட்டம் பிசிறின்றி மூடுகிறது. இந்த ஆய்வில் ஆட்டமே இல்லாமல் சுற்றுவது இந்த ஒன்றுதான். பல்கலைக்கழக வட்டாரத்தில் இதற்கு மேற்கோள் எண்ணிக்கை என்று பெயர். பதவி உயர்வும் உண்டு. பட்டறையில் அலைச்சல் மட்டும்.

ஐந்தாவது கருத்தொன்று உண்டு. அதைச் சொல்லும் மூத்த டர்னர் கட்டுரை எதுவும் எழுதாதவராகையால் முறைப்படி அவரை மேற்கோள் காட்ட இயலாது. அவர் செய்தது இது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை ஓட்டினார். விநாடிக்கு நாலு முறை கேட்ட 'டப் டப்' நின்றது: அது பெல்ட் ஒட்டின் ஓசை. உறுமல் நிற்கவில்லை. மோட்டாரை அணைத்து, சக்கர விளிம்பில் டயல் கேஜை வைத்து, கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். முள் ஆடியது. டிரைவ் வீலின் துளை ஷாஃப்ட்டைவிடச் சற்றே பெரிது; கிரப் ஸ்க்ரூவை முறுக்க முறுக்கச் சக்கரம் ஒருபக்கமாய்த் தள்ளப்பட்டிருக்கிறது. "துளையையும் வெளிவட்டத்தையும் ஒரே பிடிப்பில் கடையணும், ஷாஃப்ட்டை அளந்துட்டுத் துளை போடணும்" என்றார். ஆள் போய்விட்டார். முறையியல் விளக்கம் தராதது பெருங்குறை.

முடிவுரை

நல்ல சக்கரம் ஆடாது என்பது நிறுவப்பட்டது. ஆடுவது நல்ல சக்கரமன்று என்பதும் உடன்பெறப்பட்டது. வாங்குவோர் அலுமினியத்தின் பளபளப்பைப் பார்க்காமல் துளையைப் பார்க்க வேண்டும் என்பதும் வழியில் தெரியவந்தது. ஆனால் அது பயனுள்ள செய்தி ஆதலால் பின்னிணைப்புக்கு மாற்றப்பட்டது. பின்னிணைப்பு பக்க வரம்பு கருதி நீக்கப்பட்டது.

மேலாய்வுக்கான களங்கள்: சாக்பீஸ் எழுத்துகளைத் தொகுத்துச் செம்பதிப்பாக்கல், டீக்கறைகளின் காலக்கணிப்பு, ஸ்பிரிங் ஏன் வேண்டும் என்பது.

கத்தி எதுவும் செய்யப்பட்டதா எனப் புறத்தேர்வாளர் வினவினார். அது ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது என்று நெறியாளர் விடையளித்தார். பட்டம் பரிந்துரைக்கப்பட்டது.