லண்டன் குளிருக்கு எந்த மாத்திரை?

கேள்வி: லண்டனில் படிக்கும் என் மகனைக் குளிர்காலத்துக்கு வைட்டமின் மாத்திரை சாப்பிடச் சொல்கிறார்களாம். வேளாவேளைக்கு நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளைக்கு அது எதற்கு?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: சாப்பாட்டில் குறையில்லை அம்மா, குறை சூரியனிடம்! அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை அங்கே வெயில் சாய்ந்தே விழுகிறது. தோலில் வைட்டமின் டி-யை உண்டாக்கும் புற ஊதாக் கதிர் தரைக்குப் போதிய அளவு வந்து சேராது. கண்ணாடி ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் பயனில்லை. அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். மத்தி, கானாங்கெளுத்தி, முட்டை மஞ்சள்கரு ஆகியவற்றில் கொஞ்சம் கிடைக்கும். அவை மட்டும் போதாது.

அதனால்தான் அந்நாட்டு அரசே இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் தினம் 10 மைக்ரோகிராம், அதாவது 400 யூனிட், எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. நம்மைப்போல் கருத்த தோலுள்ளவர்கள் ஆண்டு முழுவதும் எடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்கிறது. எலும்புக்கும் தசைக்கும் அது அவசியம். அவனை இன்றே வாங்கச் சொல்லுங்கள்.

வைட்டமின் சி-க்குக் காசைக் கொட்ட வேண்டாம். அது ஜலதோஷத்தைத் தடுக்கும் என்று லைனஸ் பாலிங் 1970-இல் புத்தகமே எழுதினார். இரண்டு நோபல் பரிசு பெற்றவர் சொல்லியும் ஜலதோஷம் கேட்கவில்லை! தினமும் சாப்பிட்டு வந்தால் சளித்தொல்லை சற்றுச் சீக்கிரம் தீரலாம், அவ்வளவே என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

ஆர்வக்கோளாறில் டி மாத்திரையை அள்ளிப் போட்டுக்கொள்வதும் ஆபத்து. நாளுக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டவே கூடாது. மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.